ஒரு காய்ச்சலும் பல கலைகளும்

1

அறிவு ஒன்றே, அதனைத் துறை துறையாகப் பகுத்துக்கொண்டது மனிதன் தன் வசதிக்காகவே என்று நாம் மேடைகளில் அடிக்கடி கூறிக்கொள்கிறோம். ஆயின் நம் பாடசாலைகளின் நடைமுறை வேறாக இருக்கின்றது. பதினாறு வயது நிரம்பிய மாணவன் ஒருவனை உயர்தர வகுப்பின் வாசலிலே நிறுத்தி, "கலையா, விஞ்ஞானமா, வர்த்தகமா?" என்று கேட்கிறோம். அவன் ஒரு சொல்லில் விடை கூறியதும் ஏனைய கதவுகளை அடைத்துவிடுகிறோம். அதன் பின்னர் கவிதை படிப்பவனுக்குக் கணிதம் வேண்டியதில்லை. உயிரியல் படிப்பவனுக்கு வரலாறு வேண்டியதில்லை. வேலிக்கு இப்பாலும் அப்பாலும் நின்று ஒருவரையொருவர் ஏளனஞ் செய்வதே இருசாராருக்கும் எஞ்சும் உறவாகின்றது.

கலைப்பிரிவு மாணவர்க்குத் தமிழ் கற்பிப்பவன் நான். சில காலத்துக்கு முன் பாடத்தினிடையே பேச்சுவாக்கில், "இந்த நாட்டிலிருந்து மலேரியாவை ஒழித்தவர் யார்?" என்று வினவினேன். சற்று நேரம் மௌனம். பின்னர் முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அது பயோ படிக்கிற ஆக்களின்ர கேள்வி" என்றாள். வகுப்புச் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்விடை என் நெஞ்சை உறுத்திக்கொண்டேயிருந்தது. அம்மாணவியிடத்துப் பிழையில்லை. வேலியை நாட்டியவர்கள் நாம். அவள் அதன் நிழலில் வளர்ந்தவள்.

அன்று நான் கூறத் தவறிய விடையையே இங்கு எழுத முயல்கின்றேன். மலேரியாவை ஒழித்தவர் யார் என்ற வினாவுக்கு ஒரு பெயரை விடையாகக் கூறுதல் இயலாது. ஒரு துறையை விடையாகக் கூறுதலும் இயலாது. அவ்வாறு கூற முயன்ற வேளைகளிலெல்லாம் மனித குலம் பெருவிலை கொடுத்திருக்கின்றது. அவ்விலையின் ஒரு பகுதியைக் கொடுத்தவர்கள் இத்தீவின் மக்களே.

2

1856 ஆம் ஆண்டு, இலண்டனில் இரசாயனம் பயின்றுகொண்டிருந்த வில்லியம் பேர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவன், விடுமுறைக் காலத்தில் தன் வீட்டு ஆய்வறையிலே கொயினா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்றான். அன்று கொயினாவுக்குத் தென்னமெரிக்க மலைகளில் வளர்ந்த சின்கோனா மரத்தின் பட்டையே மூலம். வெப்பநாடுகளிலே பேரரசு அமைக்கப் புறப்பட்ட ஐரோப்பியருக்குத் துப்பாக்கியைப் போலவே கொயினாவும் இன்றியமையாதிருந்தது. பேர்க்கினுக்குக் கொயினா கிட்டவில்லை. அவனது குடுவையின் அடியிலே படிந்தது கரிய கசடு. அதனைக் கழுவியபோது துணியில் ஒட்டிய ஊதா நிறம் கழுவினும் வெயிலில் இடினும் மங்கவில்லை. நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயம் பிறந்தது.

சாயத் தொழில் மிக விரைவிற் பெருகிற்று. குறிப்பாக ஜெர்மனியில் பெரும் இரசாயனத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1876 இல் மெதிலீன் நீலம் என்னும் சாயம் ஆக்கப்பட்டது. நெசவாலைக்கென உண்டான இச்சாயங்களை மருத்துவர் சிலர் உயிரணுக்களின்மீது பரீட்சித்தனர். சாயம் எல்லாவற்றிலும் ஒரே அளவாக ஒட்டுவதில்லை. சிலவற்றைப் பற்றும், சிலவற்றை விடும். கண்ணுக்குப் புலப்படாதிருந்த வேறுபாடுகள் நிற வேறுபாடுகளாக வெளித் தோன்றின.

அல்ஜீரியாவிலே பிரெஞ்சு இராணுவ மருத்துவராகப் பணிபுரிந்த லவெறான், 1880 நவம்பர் 6 ஆம் நாள் நோயாளி ஒருவரின் குருதியில் அசைந்து திரியும் உயிர்களைக் கண்டார். அவர் கண்டது சாயமூட்டாத குருதியில். ஆகவே பலரும் அதனை நம்ப மறுத்தனர். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் தீய காற்று என்பது பொருள்; சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக்காற்றே நோய்க்குக் காரணம் என்பது நெடுங்கால நம்பிக்கை. 1891 இல் ரொமனோவ்ஸ்கி என்னும் ரஷ்ய மருத்துவர் மெதிலீன் நீலத்தையும் இயோசினையும் கலந்து குருதிக்குச் சாயமூட்டும் முறையை வெளியிட்ட பின்னர், எந்த ஆய்வறையிலும் எந்த மாணவனும் அவ்வொட்டுண்ணியைத் தெளிவாகக் காணும் நிலை உண்டாயிற்று. அதே ஆண்டில் ஏர்லிக் என்பார், சாயம் ஒட்டுண்ணியைத் தேடிப் பற்றுமாயின் அதனைக் கொல்லவும் கூடுமன்றோ என்று கருதி, மலேரியா நோயாளர் இருவருக்கு மெதிலீன் நீலத்தையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். அவ்வழியிற் சென்ற ஜெர்மன் இரசாயனவியலாளரே 1920 களில் முதலாவது செயற்கை மலேரியா மருந்தை ஆக்கினர்.

கொயினா தேடிச் சென்றவன் சாயத்தைக் கண்டான். சாயம் ஒட்டுண்ணியைக் காட்டிற்று. அச்சாயமே புதிய மருந்துக்கும் வழிகாட்டிற்று. இதனைத் தற்செயல் என்று கூறி ஒதுக்கிவிடலாகாது. பேரரசின் தேவை, நெசவாலையின் இலாபம், இராணுவ மருத்துவமனை ஆகிய மூன்றுமே இத்துறைகளை ஒன்றோடொன்று முட்டவைத்தன. துறைகள் ஆகாயத்திலே கலப்பதில்லை. சமுதாயம் எழுப்பும் தேவைகளின் நிர்ப்பந்தத்தாலேயே கலக்கின்றன.

3

ஒட்டுண்ணி கண்டாயிற்று. அஃது ஒருவரிடமிருந்து மற்றவரைச் சென்றடைவது எங்ஙனம்? சீனாவில் மருத்துவராயிருந்த பற்றிக் மான்சன், யானைக்கால் நோயின் புழுக்கள் நுளம்பின் உடலில் வளர்வதை 1870 களின் பிற்பகுதியிற் கண்டவர். மலேரியாவுக்கும் நுளம்பே காரணம் என்று அவர் ஊகித்தார். ஆனால் நுளம்பு சில நாளே வாழ்ந்து நீரில் இறந்துவிடும் என்றும், அந்நீரைக் குடிப்பவருக்கு நோய் வரும் என்றும் பிழையாகக் கருதினார். சிறந்த மருத்துவருக்கு விலங்கியல் போதாமையால் நேர்ந்த பிழை அது.

மான்சனின் ஊகத்தைக் கைக்கொண்டு ஆராய்ந்தவர் றொனால்ட் றொஸ். இந்தியாவிலே பிறந்து, இந்திய மருத்துவ சேவையில் இருந்த இவர் கவிதையும் நாவலும் எழுதியவர்; கணிதத்தில் அடங்காத வேட்கை கொண்டவர். அவரும் விலங்கியல் பயின்றவரல்லர். நுளம்புகளில் இனங்கள் பல என்பதையும், எல்லா இனமும் மலேரியாவைக் காவுவதில்லை என்பதையும் உணராது, தவறான இனங்களை அறுத்து அறுத்துப் பார்த்தே ஏறத்தாழ ஈராண்டுகளைக் கழித்தார். இறுதியில் 1897 ஓகஸ்ற் 20 ஆம் நாள், செக்கந்தராபாத்தில், புள்ளிச் சிறகுடைய நுளம்பொன்றின் இரைப்பைச் சுவரிலே ஒட்டுண்ணியின் வளர்ச்சியைக் கண்டார். அந்நுளம்புக்குத் தன் குருதியைக் கொடுத்த நோயாளி ஹுசேன் கான் என்பவர். கடித்த நுளம்பு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் அவருக்குக் கூலி கிடைத்தது. நோபல் பரிசு 1902 இல் றொஸுக்குக் கிடைத்தது. விஞ்ஞான வரலாற்றை எழுதுவோர் ஹுசேன் கானையும் மறவாதிருத்தல் வேண்டும்.

தாம் கண்ட நுளம்பின் இனப்பெயரை றொஸ் அறிந்திருக்கவில்லை. இத்தாலிய விலங்கியலாளரான கிறாசி வேறு வழியிற் சென்றார். காய்ச்சல் உள்ள ஊர்களில் வாழும் நுளம்பு இனங்களையும் காய்ச்சல் இல்லாத ஊர்களில் வாழும் இனங்களையும் ஒப்பிட்டு, குற்றவாளி அனோபிலிஸ் என்னும் இனமே என்று கண்டு, 1898 இல் தம் தோழரோடு சேர்ந்து மனித மலேரியா அதனாலேயே பரவுவதை நிறுவினார். இருவரும் வாழ்நாள் முழுவதும் ஒருவரையொருவர் தூற்றினர். எவர் முந்தியவர் என்ற வழக்கு இன்று நமக்கு வேண்டியதன்று. மருத்துவன் தனித்தும் விலங்கியலாளன் தனித்தும் பாதி உண்மையையே கண்டனர் என்பதே நாம் மனங்கொள்ள வேண்டியது.

றொஸின் மிகப் பெரும் பங்களிப்பு இதன் பின்னரே வந்தது என்று துணிந்து கூறலாம். நுளம்பை ஒழித்தால் நோய் ஒழியும் என்று அவர் கூறியபோது, "உலகிலுள்ள நுளம்பு அனைத்தையும் கொல்வது நடக்கக்கூடிய காரியமா?" என்று அதிகாரிகள் நகைத்தனர். றொஸ் அதற்குக் கணிதத்தால் விடையிறுத்தார். 1908 இல் மொரீசியசுத் தீவு பற்றிய அறிக்கையிலும், பின்னர் 1911 இல் விரிவாகவும் அவர் காட்டியது இதுதான்: எல்லா நுளம்பையும் கொல்ல வேண்டியதில்லை. மக்கள் தொகைக்கேற்ப நுளம்பின் தொகை ஒரு குறித்த எல்லைக்குக் கீழே தாழ்ந்தால், பழைய நோயாளர் குணமடையும் வேகத்துக்குப் புதிய நோயாளர் தோன்றும் வேகம் ஈடுகொடாது. நோய் தானே அவிந்துவிடும். அளவிலே ஏற்படும் மாற்றம் ஓர் எல்லையில் பண்பு மாற்றமாகும் என்ற உண்மைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஹில்டா ஹட்சன் என்னும் கணித அறிஞை றொஸோடு சேர்ந்து இக்கணக்கை வளர்த்தார். 1901 இல் றொஸோடு சியரா லியோனுக்குச் சென்ற மக்கென்றிக் என்னும் மருத்துவர், ஆய்வறை வெடிவிபத்தொன்றிலே இரு கண்களையும் இழந்த கேர்மாக் என்னும் இரசாயனவியலாளரோடு கூடி, 1927 இல் தொற்றுநோய்களின் பொதுக் கணிதக் கோட்பாட்டை வெளியிட்டார். 2020 இல் கொவிட் பெருந்தொற்று உலகைப் பற்றியபோது, ஒரு நோயாளி எத்தனை பேருக்கு நோயைக் கொடுப்பார் என்ற எண்ணை நாள்தோறும் செய்திகளிற் கேட்டோம் அல்லவா? அந்த எண்ணின் வேர் நுளம்புக் கணக்கிலேதான் இருக்கின்றது.

4

நுளம்பும் கணக்கும் தெளிவாயின. மனிதன்?

1908 இல் பஞ்சாபிலே பெருங் காய்ச்சல் பரவி மக்கள் பல்லாயிரவராக மடிந்தனர். அதனை ஆராய்ந்த கிறிஸ்தோபர்ஸ் என்னும் இராணுவ மருத்துவர், 1868 முதலான நாற்பதாண்டுக் கால மரணப் பதிவுகளை எடுத்து மழையளவுக் கணக்கோடு பொருத்திப் பார்த்தார். அத்தோடு நில்லாது, தானியத்தின் சந்தை விலைக் கணக்கையும் பக்கத்தில் வைத்தார். மழை மிகுந்த ஆண்டுகளில் காய்ச்சல் மிகுந்தது. ஆனால் மழைமிகுதியோடு விலையேற்றமும் சேர்ந்த ஆண்டுகளிலேயே அது பெருங்கொலையாக மாறிற்று. வயிற்றிலே பசியுள்ளவனை நுளம்பு கொல்கின்றது என்பதை அந்த விலைப்பட்டியல் கூறிற்று. 1911 இல் அவர் வெளியிட்ட அறிக்கை, மருத்துவமும் வானிலையியலும் பொருளியலும் ஒன்றுகூடிய அரிய ஆவணமாகும்.

இத்தாலியில் இவ்வுண்மையை மற்றொரு விதமாக உணர்ந்தவர் செல்லி என்னும் மருத்துவர். 1900 இல் அரசு கொயினாவை மலிவாக வழங்கச் சட்டம் செய்வதில் அவர் முன்னின்றார். ஆனால் எழுத்தறியாத கூலி விவசாயிகள் மருந்தை நம்பவில்லை. 1904 அளவில், செல்லியும் அவர் மனைவி அன்னாவும், கவிஞர் ஜொவானி செனா, எழுத்தாளர் சிபில்லா அலெறாமோ ஆகியோரும் கூடி, உரோமாபுரியைச் சூழ்ந்த காய்ச்சல் நிலங்களிலே விவசாயிகளுக்கென எளிய பாடசாலைகளைத் தொடங்கினர். வைக்கோற் குடிசைகளில் அரிச்சுவடியும் கொயினாவும் ஒருங்கே வழங்கப்பட்டன. ஆசிரியத் தொழிலை வெறும் பரீட்சைத் தொழிலாகக் கருதும் நம்மவர்கள் இவ்வரலாற்றைச் சிறிது சிந்தித்தல் நன்று.

5

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

இலங்கையின் வரண்ட வலயத்தில் மலேரியா நெடுங்காலமாக நிலைத்திருந்தது. வன்னிக்கு வயல் செய்யப் போனவர்கள் நெல்லோடு நடுக்கற் காய்ச்சலையும் கொண்டுவந்தார்கள் என்று நம் முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். ஈரவலயமோ பெரும்பாலும் தப்பியிருந்தது. மழை மிகுந்த இடத்தில் நுளம்பு மிகும் என்று பாமரன் நினைப்பான். ஆனால் இத்தீவில் மலேரியாவைக் காவும் முதன்மையான நுளம்பாகிய அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் ஓடும் வெள்ளத்தில் முட்டையிடுவதில்லை. வெயில் படும் தெளிந்த குட்டைநீரே அதற்கு உகந்தது. இடைவிடாது பாயும் ஈரவலய ஆறுகள் அதன் குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும்.

1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயா, மகா ஓயா, களனி கங்கை ஆகியவற்றின் படுகைகள் வற்றி, ஆயிரமாயிரம் குட்டைகளாகத் தேங்கின. ஆண்டின் இறுதிப் பகுதியிலே குருணாகல், கேகாலை மாவட்டங்களில் காய்ச்சல் காட்டுத்தீயெனப் பரவிற்று. வரண்ட வலயத்து மக்களுக்குச் சிறு வயது முதல் நோயோடு போராடி ஓரளவு எதிர்ப்பாற்றல் இருந்தது. ஈரவலயத்து மக்களுக்கு அதுவும் இல்லை. ஏறத்தாழ ஐம்பத்தைந்து இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டிலே பதினைந்து இலட்சம் பேர் வரை நோயுற்றனர். 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர்.

தமிழிலக்கியம் பயின்ற எனக்கு இங்கே தொல்காப்பியர் நினைவுக்கு வருகின்றார். நிலமும் பொழுதும் ஆகிய இரண்டையுமே அவர் முதற்பொருள் என்றார். ஏனைய யாவும் அவற்றின்மீது எழுவன. ஒரே மழை ஒரு நிலத்தில் நோயைத் தரும். மற்றொரு நிலத்தில் மழையின்மையே நோயைத் தரும். நிலத்தையும் பொழுதையும் நோக்காது நுளம்பை மட்டும் நோக்கியவனுக்கு 1934 விளங்கவே விளங்காது. அன்று இத்தீவிலே நுளம்பறிந்தவர் இருந்தனர், ஆறறிந்தவர் இருந்தனர், மழையளந்தவரும் இருந்தனர். ஆனால் வற்றும் ஆற்றைப் பார்த்துக் காய்ச்சல் வருகிறதென்று முன்கூட்டியே எச்சரித்து, மருந்தையும் உணவையும் கிராமத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கவில்லை.

அரசு வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்த அக்காலத்தில், சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர் கேகாலைக் கிராமங்களுக்குட் புகுந்தனர். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் அவர்களுள் முக்கியமானவர்கள். அவர்கள் கொயினாவோடு அரிசியையும் பருப்பையும் கொண்டு சென்றனர். என். எம். பெரேராவுக்குக் கிராமத்து மக்கள் 'பருப்பு மகத்தயா' என்று பெயரிட்டனர். அப்பெயரில் ஓர் ஆழ்ந்த விஞ்ஞான உண்மை அடங்கியுள்ளது. பஞ்சாபிலே விலைப்பட்டியலிற் கண்ட உண்மையை இவ்விளைஞர் குடிசை வாசலிற் கண்டனர்: பட்டினி கிடப்பவனுக்குக் கொயினா மட்டும் மருந்தாகாது. 1935 டிசம்பரில் இலங்கைச் சமசமாஜக் கட்சி பிறந்ததையும், அடுத்த ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் பெரேரா ருவன்வெல்லத் தொகுதியில் வென்றதையும் இக்காய்ச்சலிலிருந்து பிரித்து விளங்கிக்கொள்ள முடியாது.

6

பின்னர் டீ. டீ. ரீ. வந்தது. 1874 இல் ஆக்கப்பட்டு அலுமாரியிலே கிடந்த இப்பொருளின் பூச்சிகொல்லும் ஆற்றலை, 1939 இல் சுவிற்சர்லாந்து இரசாயனவியலாளர் முல்லர் கண்டார். 1946 அளவில் அது இலங்கை எங்கும் வீட்டுச் சுவர்களில் தெளிக்கப்பட்டது. 1946 இல் ஆயிரத்துக்கு 20 அளவிலிருந்த மரண வீதம் 1947 இல் 14 அளவுக்கு வீழ்ந்தது. 1950 களில் மக்டொனால்ட் என்பவர் றொஸின் கணக்கை மேலும் வளர்த்து இதன் காரணத்தை விளக்கினார். ஒட்டுண்ணி நுளம்பின் உடலில் முதிர ஏறத்தாழப் பத்து நாளும் அதற்கு மேலும் வேண்டும். ஆகவே நுளம்பின் தொகையைக் குறைப்பதைக் காட்டிலும் அதன் ஆயுளைக் குறைப்பதே பன்மடங்கு பயன் தரும். குருதி குடித்துச் சுவரிலே இளைப்பாறும் நுளம்பைச் சுவரிலேயே கொல்வது கணக்குப்படி மிகச் சரியான இடத்தில் விழும் அடி.

இங்கேதான் இடறல் நேர்ந்தது. 1955 இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியாவை உலகிலிருந்தே ஒழிக்கும் திட்டத்தை வகுத்தபோது, அத்திட்டத்தின் நடுவே ஒரு மருந்தும் ஒரு தெளிகருவியுமே நின்றன. இலங்கை அதன் முன்மாதிரியாகப் போற்றப்பட்டது. 1963 இல் இந்நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வெற்றி கிட்டிவிட்டது என்று தெளிப்பை நிறுத்தினர். ஆனால் நிலமும் பொழுதும் ஓய்வெடுக்கவில்லை. மழை குன்றியபோது ஆறுகள் மீண்டும் குட்டைகளாயின. மாணிக்கம் அகழ்ந்தோர் விட்டுச் சென்ற குழிகளில் நீர் தேங்கிற்று. சேனைக் குடிசைகளுக்கு மருந்து தெளிக்கச் சுவரே இருக்கவில்லை. நுளம்பும் டீ. டீ. ரீ. யைத் தாங்கப் பழகிற்று. 1969 இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்.

டீ. டீ. ரீ. யை இகழ்வது என் நோக்கமன்று. அது காத்த உயிர்கள் அநேகம். ஆயினும் 1947 இன் மரணவீழ்ச்சி முழுவதும் அதனால் விளைந்ததா, போருக்குப் பிந்திய உணவு நிலையும் மருத்துவ வசதியும் அதிற் பங்கு கொண்டனவா என்று குடித்தொகை ஆய்வாளர் 1960 களிலேயே வாதிடத் தொடங்கினர். மீகம போன்ற இலங்கையரும் அவ்வாதத்தில் ஈடுபட்டனர். ஒரு வெற்றியின் காரணத்தைப் பிழையாகக் கணித்தால் அடுத்த தோல்விக்கு நாமே வித்திடுகிறோம். அதனாலேயே வெற்றியையும் பல துறையினர் கூடிப் பரிசோதிக்க வேண்டியுள்ளது.

7

டீ. டீ. ரீ. க்கு நுளம்பு பழகியதைப் போலவே, பழைய மருந்துகளுக்கு ஒட்டுண்ணியும் பழகிற்று. வியட்நாம் போர்க்களத்திலே குண்டினாற் செத்தவர்களோடு காய்ச்சலாற் செத்தவர்களும் இருந்தனர். வியட்நாமின் வேண்டுகோளையொட்டி 1967 மே 23 ஆம் நாள் சீனா ஓர் இரகசிய ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. அதில் 1969 இற் சேர்ந்தவர் து யூயூ என்னும் பெண்மணி. நவீன மருந்தியல் பயின்ற அவர், பழஞ்சீன மருத்துவத்தையும் முறையாகக் கற்றவர். அவரும் அவர் குழுவினரும் பழைய ஏடுகளைத் துருவி நூற்றுக்கணக்கான மூலிகைகளைச் சோதித்தனர். ஒரு மூலிகையின் சாறு ஒருமுறை பயன் தந்தது, மறுமுறை தரவில்லை. காரணம் விளங்கவில்லை. அவர் மீண்டும் ஏட்டுக்குத் திரும்பினார். கி. பி. நான்காம் நூற்றாண்டில் கெ ஹொங் எழுதிய அவசர மருத்துவ நூலிலே, அம்மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைப் பருகுமாறு கூறப்பட்டிருந்தது. காய்ச்சுமாறு கூறப்படவில்லை. கொதிக்க வைத்தலே மருந்தின் ஆற்றலை அழிக்கின்றதோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. குறைந்த வெப்பத்திற் கொதிக்கும் ஈதரைக் கொண்டு அவர் சாற்றைப் பிரித்தார். 1971 இல் அச்சாறு விலங்குகளின் மலேரியாவை முற்றாக நீக்கிற்று. ஆர்ட்டெமிசினின் என்னும் அம்மருந்து இன்று உலகெங்கும் உயிர் காக்கின்றது. 2015 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பழமையில் எல்லாம் உண்டு என்று கூத்தாடுவோர் இதனைத் தமக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. ஏடு கூறியதை அவர் நம்பவில்லை, சோதித்தார். நூற்றுக்கணக்கான மூலிகைகள் அச்சோதனையில் தோற்றன. பழமையில் ஒன்றுமில்லை என்று புறக்கணிப்போருக்கும் இது விடையே. ஏட்டிலே உள்ள ஒரு வினைச்சொல்லை ஊன்றிப் படிக்கும் பயிற்சி, இரசாயனவியலாளருக்குக் குடுவையை எந்த வெப்பத்தில் வைப்பது என்று சொல்லிற்று. 'ஊறவைத்தல்' என்பதற்கும் 'காய்ச்சுதல்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல் மொழி கற்போனின் வேலை. நம் சித்த மருத்துவ ஏடுகளையும் இத்தகைய இருவகைக் கண்ணோடு படிப்பவர் பெருகல் வேண்டும்.

8

இலங்கையில் மலேரியா எவ்வாறு முடிந்தது? 1991 இல் வெளியான கதிர்காமப் பகுதி ஆய்வொன்று, மண்சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட குறை வீடுகளில் வாழ்வோரையே நோய் மிகுதியாகப் பற்றுகின்றது என்று காட்டிற்று. 1990 களில் ஹுருலுவெவப் பகுதியிலே நீர்ப்பாசன அறிஞரும் பூச்சியியலாளரும் கூடி, யான் ஓயாவின் நீரோட்டத்தை ஒழுங்கு செய்தே நுளம்புப் பெருக்கத்தைக் குறைக்கலாம் என்று கண்டனர். போர்க்காலத்தில், 1999 இல், நோயாளர் தொகை இரண்டரை இலட்சத்தைத் தாண்டிற்று. பின்னர் ஓரிடத்தில் மருந்து தெளித்தல், ஓரிடத்தில் வலை, எங்கும் குருதிப் பரிசோதனை, ஒவ்வொரு நோயாளரையும் தேடிச் செல்லல் எனப் பல வழிகள் நிலத்துக்கேற்பக் கையாளப்பட்டன. போர் நடந்த மாவட்டங்களிலும் சுகாதார ஊழியர் அப்பணியைக் கைவிடவில்லை. 2012 ஒக்டோபருக்குப் பின்னர் உள்நாட்டிலே தொற்றிய நோயாளர் எவரும் பதிவாகாத நிலையில், 2016 செப்டெம்பர் 5 ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஆனால் அதே 2016 இன் இறுதியில், நகரக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகவல்ல அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் புதிய நுளம்பினம் மன்னாரிற் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. வரலாறு முற்றுப்புள்ளி இடுவதில்லை.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? பல துறையினரை ஒரு மண்டபத்தில் இருத்திவைப்பது மட்டும் கூட்டாராய்ச்சியாகாது. அது நிகழ மூன்று நிபந்தனைகள் வேண்டும். மக்களின் வாழ்விலிருந்து எழும் பொதுப் பிரச்சினை ஒன்று வேண்டும். ஒரு துறையின் பிழையை மற்றொரு துறை திருத்த உரிமை வேண்டும்: விலங்கியல் மருத்துவத்தையும், கணிதம் நிர்வாகத்தையும், விலைப்பட்டியல் கணிதத்தையும் திருத்திய உரிமை. மூன்றாவதாக, ஆராய்ச்சியிற் கண்ட உண்மை குடிசை வாசலைச் சென்றடையும் வழி வேண்டும். முதலிரண்டும் இருந்து மூன்றாவது இல்லையாயின், கிறிஸ்தோபர்ஸின் அறிக்கை போல உண்மை நூலகத்தில் உறங்கும். 1911 இல் அச்சேறிய உண்மை 1934 இல் கேகாலைக் குழந்தைகளைக் காக்கவில்லை.

தனித்துறைப் புலமை வேண்டாம் என்று நான் கூறவில்லை. கிறாசி நுளம்பை ஆழ அறிந்திராவிடின், ஹட்சன் கணிதத்தை ஆழ அறிந்திராவிடின், அவர்களிடம் பிறர் பெறுவதற்கு ஒன்றும் இருந்திராது. ஆழக் கற்போம், ஆனால் வேலிக்கு மேலாகப் பேசவும் கற்போம். வேலியைப் பிடுங்க இன்று நம்மால் இயலாதெனின், யாழ்ப்பாணத்து வேலிகளிலே இருப்பது போன்ற ஒரு பொட்டையேனும் திறந்து வைப்போம். அயலார் போய்வர அது போதும்.

அடுத்த தவணையில் என் பாடசாலையின் உயிரியல் ஆசிரியரும் நானும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். அவருடைய மாணவர் நுணுக்குக்காட்டியோடு எங்கள் வகுப்புக்கு வருவார்கள்; என்னுடைய மாணவர், ஊர் முதியோரிடம் காய்ச்சற் காலக் கதைகளைக் கேட்டு எழுதி அவர்கள் வகுப்புக்குச் செல்வார்கள். இரு வகுப்பும் சேர்ந்து ஊர்க் கிணறுகளின் படம் ஒன்றை வரையும். அன்று அம்மாணவியிடம் அதே வினாவை மீண்டும் கேட்பேன். அவள் ஒரு பெயரைக் கூறவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "சேர், அது எங்கட கேள்வியுந்தான்" என்று கூறினாற் போதும்.